சுவர் இருந்தால்தான் சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நம்மவர் வழக்கில் உள்ள பழமொழி. உடலைப் பேணாதவருக்கு அறிவுரையாகச் சொல்லப்படுவது அது. அதனை உவமையாகக் கொள்ளாது, உள்ளது உள்ளபடியே பொருள்கொண்டு சிந்திக்கத் தக்க இடம் ஒன்று தலைநகராம் தில்லியில் இருக்கின்றது. கன்னா மார்க்கெட்டுக்கும் மெகர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடைப்பட்ட லோதி காலனியே அவ்விடம். அங்குள்ள சர்க்கார் குடியிருப்புகளின் வீதிப்புறச் சுவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை இன்று பெருஞ்சித்திரங்களைத் தாங்கி நிற்கின்றன. உள்நாட்டு ஓவியரும் அயல்நாட்டு ஓவியரும் எழுதியவை அவை. மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து பார்த்துப் படம் எடுத்துச் செல்கின்றனர்.

அவ்வீதிகளில் நடக்கும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சியும் ஒரு வினாவும் ஒருங்கே எழுகின்றன. கவனிப்பாரற்றுக் கிடந்த சுவர்கள் கண்ணுக்கு விருந்தாயின என்பது மகிழ்ச்சி. அச்சுவர்களுக்குப் பின்னால் எண்பது ஆண்டுகளாக வாழ்ந்து, மாறி, பிரிந்து சென்ற குடும்பங்களின் கதையை எந்தச் சுவர் சொல்லும் என்பது வினா. அக்குடும்பங்களுள் தமிழ்க் குடும்பங்களும் பல. ஆதலின் இவ்வினா நம்முடையதும் ஆகின்றது. விடை காண வேண்டுமாயின், அவ்விடத்தின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிக் காணுதல் வேண்டும்.

லோதி என்பது 1451 முதல் 1526 வரை தில்லியை ஆண்ட ஆப்கானிய மரபினரின் பெயர். அம்மரபில் வந்த சிக்கந்தர் லோதி 1517-இல் மறைந்தார். அவருடைய கல்லறையும், அதற்கு முந்திய சையது மரபைச் சேர்ந்த முகம்மது ஷாவின் கல்லறையும் இன்றைய லோதி தோட்டத்தினுள் உள்ளன. அக்கல்லறைகளைச் சுற்றிக் கயிர்பூர் என்றொரு கிராமம் இருந்தது. நகருக்கு அழகிய பூங்கா ஒன்று வேண்டும் என்று கருதிய ஆங்கில அரசு, கிராமத்தாரை அப்புறப்படுத்திப் புல்வெளி விரித்து, 1936-இல் வைஸ்ராயின் மனைவியாரான லேடி வில்லிங்டனின் பெயரை அதற்குச் சூட்டிற்று. விடுதலைக்குப் பின்னர் அது லோதி தோட்டம் ஆயிற்று. மன்னர்களின் கல்லறைகள் போற்றப்பட்டன. கயிர்பூர் மக்களைப் பற்றி நினைப்பார் இலர். ஓர் இடத்தை அழகு செய்யும் ஒவ்வொரு முறையும், அங்கு வாழ்ந்தவரை நினைத்தோமா என்று கேட்டுக்கொள்ள இச்செய்தி நமக்கு ஒரு பாடமாகும்.

1911 டிசம்பர் 12-ஆம் நாள் நடந்த தர்பாரில், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்தார். லட்யன்ஸும் பேக்கரும் வகுத்த புது தில்லி 1931 பிப்ரவரியில் திறந்துவைக்கப்பட்டது. அந்நகரில் ஒருவர் எங்கே வாழ்வது என்பதை அவருடைய பதவியும் சம்பளமும் நிறமும் சேர்ந்து தீர்மானித்தன. வைஸ்ராய் மாளிகைக்கு அணித்தே பெரிய அதிகாரிகள். அப்பால் ஐரோப்பியக் குமாஸ்தாக்கள். அதற்கும் அப்பால் இந்தியக் குமாஸ்தாக்களும் பியூன்களும். விலாசத்தைக் கேட்டே ஒருவரது சம்பளத்தைக் கணக்கிடலாம் என்ற நிலை அன்றே தோன்றிவிட்டது. சர்க்கார் காலனிகளில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் அது புதிய செய்தியன்று.

1940-களில் போரின் காரணமாகச் சர்க்கார் அலுவலகங்கள் பெருகின; ஊழியர் தொகை பெருகிற்று; வீடு போதவில்லை. ஹென்றி மெட் என்பார் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்த அக்காலத்தில் எழுந்ததே லோதி காலனி. ஆங்கிலேயர் புது தில்லியில் கட்டிய கடைசிக் குடியிருப்பு அது எனலாம். அதன் அமைப்பு தனித்தன்மை வாய்ந்தது. வீதியில் உயர்ந்த வளைவு வாயில்கள். அவற்றின் ஊடே உள்ளே சென்றால் விசாலமான முற்றம். முற்றத்தைச் சூழ்ந்து வீடுகள். குழந்தைகளின் விளையாட்டும் பெண்டிரின் பேச்சும் முற்றத்தைச் சார்ந்தே நிகழ்ந்தன. வீதிக்குக் காட்டியது அகன்ற, வெறுமையான சுவர் ஒன்றையே. பிற்காலத்தில் ஓவியர்களை ஈர்த்தது அவ்வெறுமையே.

அடுத்து வந்தது தேசப் பிரிவினை. 1947-இல் உடைமை இழந்து வந்தவர்களுக்குத் தலைநகரெங்கும் கடைகளும் வீடுகளும் ஒதுக்கப்பட்டன. புனர்வாழ்வு அமைச்சராய் இருந்த மெகர்சந்த் கன்னாவின் பெயரையே காலனியின் இருபுறத்து அங்காடிகளும் தாங்கி நிற்கின்றன. முற்றத்துக்கு உள்ளே பல மாகாணங்களிலிருந்து வந்த சர்க்கார் ஊழியர். வெளியே மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் வந்த வணிகர். இவ்விரு திறத்தாரும் ஒருவரையொருவர் சார்ந்து வாழ்ந்த வரலாறு அவ்வீதிகளுக்கு உண்டு.

தமிழர் தில்லிக்கு வந்த வரலாற்றை நம் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. கணக்கு எழுதவும், தட்டச்சு அடிக்கவும், சுருக்கெழுத்து எழுதவும் வல்லவர் என்று பெயர் பெற்று வந்தவர்கள் நம் முன்னோர். பிள்ளைகளின் கல்விக்காக 1923-இல் மதராஸி கல்விச் சங்கம் தோன்றிற்று. அதுவே இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகமாய் ஏழு பள்ளிகளை நடத்திவருகிறது. அவற்றுள் ஒன்று லோதி எஸ்டேட்டில் உள்ளது. 1946-இல் தில்லித் தமிழ்ச் சங்கம் தோன்றிற்று. பள்ளியும் சங்கமும் நிலைத்தன. ஆனால் வீடு நிலைக்கவில்லை. சர்க்கார் குவார்ட்டர்ஸ் என்பது வேலை உள்ளவரைதான். டிரான்ஸ்பர் வந்தால் காலி செய்ய வேண்டும். பதவி உயர்ந்தால் பெரிய வீட்டுக்கு மாற வேண்டும். ஓய்வு பெற்றால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். இருபது ஆண்டுகள் வாழ்ந்த வீட்டின் சுவரில், பிள்ளையின் உயரத்தைக் குறித்த பென்சில் கோட்டின்மேல் அடுத்தவருக்காகச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். நம் முன்னோர் தில்லியில் விட்டுச்சென்ற சுவடு இத்துணை மெல்லியது.

நிற்க. சித்திரங்களின் கதைக்கு வருவோம். 2014-ஆம் ஆண்டில் ஸ்டார்ட் இந்தியா என்னும் அறக்கட்டளை தோன்றிற்று. காட்சிச்சாலையின் நான்கு சுவர்களுக்குள் இருக்கும் ஓவியத்தை, அங்குச் செல்லாத மக்களிடம் வீதிக்கே கொண்டுவருதல் அதன் நோக்கம். அவ்வாண்டு தில்லியின் ஷாப்பூர் ஜாட் என்னும் நகர்ப்புறக் கிராமத்தின் சந்துகளில் அவர்கள் ஓவியம் தீட்டினர். அப்போது ஐ.டி.ஓ. பகுதியில் இருந்த தில்லிப் போலீஸ் தலைமையகக் கட்டடத்தின் உச்சி முதல் அடிவரை, ஏறத்தாழ 150 அடி உயரத்தில், காந்தியடிகளின் உருவம் எழுதப்பட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெண்ட்ரிக் பெய்கிர்க்கும் நம் நாட்டு ஓவியர் அன்பு வர்க்கியும் சேர்ந்து எழுதியது அது. பின்னர், 2015-ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016-இலும் லோதி காலனியின் சுவர்கள் ஒவ்வொன்றாக வண்ணம் பெற்றன. அதற்குப் பின்னரும் காலத்துக்குக் காலம் புதியவை சேர்ந்தன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தில்லியில் அனுமதியின்றிப் பொதுச்சுவரில் எழுதுவது குற்றம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்கு ஓராண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சர்க்காரின் சுவரில் எழுத வேண்டுமாயின் சர்க்காரின் ஒப்புதல் வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறை அவ்வொப்புதலை அளித்தது. வண்ணப்பூச்சுத் தொழில் நடத்தும் ஏஷியன் பெயிண்ட்ஸ் நிறுவனம் துணை நின்றது. ஓர் இலாகாவும் ஒரு வணிக நிறுவனமும் இளைஞர் குழு ஒன்றும் கைகோத்தால், பணம் மிகுதியாகச் செலவிட்டு ஒன்றையும் இடிக்காமலே ஒரு பகுதியின் தோற்றத்தை மாற்றலாம் என்பதற்கு இது சான்று. சுவர் அதே சுவர்; வளைவு அதே வளைவு; மரம் அதே மரம். மாறியது மக்களின் பார்வை ஒன்றே. அப்பார்வை மாறியதால், பல்லாண்டுகள் அவ்வழியே பஸ்ஸில் சென்றும் கவனியாதிருந்த நாமும் அவ்வளைவுகளின் அழகை முதன்முறையாக நின்று பார்க்கலானோம்.

சித்திரங்களுள் சிந்தனையைத் தூண்டுவது ஒன்றைக் குறிப்பிடுவோம். டாக்கு என்ற புனைபெயரில் பணிபுரியும் ஓவியர் ஆக்கியது அது. சுவரில் அவர் வண்ணத்தால் எழுதவில்லை. சுவரிலிருந்து நீட்டி நிற்குமாறு எழுத்துகளைப் பதித்துள்ளார். வெயில் படும்போது எழுத்துகளின் நிழல் சுவரில் விழுந்து சொற்களாகின்றது. சூரியன் நகர நகர, நிழல் சாய்ந்து நீண்டு மறைகின்றது. காலம் அனைத்தையும் மாற்றும் என்பதே அங்கு அவர் சொல்ல விழைந்தது. சர்க்கார் குவார்ட்டர்ஸில் வாழ்ந்த குடும்பங்களுக்கு இதனினும் பொருத்தமான சுவரெழுத்து வேறொன்று இருக்க முடியுமோ என்று தோன்றுகிறது.

அறக்கட்டளையைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஹனீப் குரேஷியின் பணியும் இங்கே நினைக்கத் தக்கது. கடைப்பலகைகளையும் லாரிகளையும் கையால் எழுதி அழகு செய்த தெரு ஓவியர்கள், கணினி அச்சு வந்தபின் தொழில் இழந்தனர். அவர்களைத் தேடிச்சென்று, அவர்தம் எழுத்துமுறைகளைச் சேகரித்து, கணினி எழுத்துருக்களாக்கிப் பாதுகாத்தவர் அவர். 2024-ஆம் ஆண்டில் அவர் இளமையிலேயே மறைந்தது கலையுலகுக்கு இழப்பு. மறையும் மரபை முதலில் பதிவு செய், பிறகு புதியதைப் படை என்பது அவருடைய வாழ்வு காட்டும் வழி. நமக்கு வேண்டிய பாடமும் அதுவேயாம்.

குறை கூறுவாரும் உளர். வெளிச்சுவரில் வண்ணம், உட்கூரையில் ஒழுக்கு என்பர். குடியிருப்போரின் வாழ்வுக்கும் சுவரிலுள்ள உருவங்களுக்கும் யாது தொடர்பு என்பர். படம் எடுக்க வருவோரின் கூட்டத்தால் வீட்டு வாயிலில் நிம்மதி குறைகிறது என்பாரும் உண்டு. இக்குறைகளை எளிதில் தள்ளிவிட இயலாது. ஓவியம் ஒழுக்கை அடைக்காது; அடைக்கும் என்று ஓவியரும் சொல்லவில்லை. ஆனால் பலர் வந்து பார்க்கும் இடத்தைப் பராமரிக்க வேண்டிய கடமை அதிகாரிகளுக்குத் தானே மிகுகிறது என்பதும் உண்மை. இரண்டாவது குறையே நம் உள்ளத்தில் தைப்பது. பறவையும் பூவும் கற்பனை உருவமும் கண்ணுக்கு இனியவை. ஆயினும் அவை எந்த ஊர்ச் சுவரிலும் இருக்கலாம். இந்தச் சுவருக்கே உரிய கதை எது?

பம்பாயில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. 1875-இல் கட்டப்பட்ட சாசூன் டாக் என்னும் பழைய துறைமுகத்தில் 2017-இல் இதே அறக்கட்டளை ஒரு கலைவிழா நடத்திற்று. மீன் வாடை வீசும் இடம் என்று நகரத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் துறை அது. அங்கே, அத்துறையில் உழைக்கும் கோலி மீனவ மக்களின் முகங்களையே பெரிய நிழற்படங்களாக்கிச் சுவர்களில் ஒட்டினர். பிரெஞ்சுக் கலைஞர் ஜே.ஆர். உலகின் பல பாகங்களில் நடத்திவரும் முறை அது. நாள்தோறும் மீனைக் கொட்டித் தரம் பிரிக்கும் பெண்கள், தங்கள் முகத்தைத் தாங்கள் உழைக்கும் இடத்தின் சுவரிலேயே கண்டனர். சென்னையின் தெற்கே கண்ணகி நகரிலும் 2020-இல் சுவர்கள் வண்ணம் பெற்றன. நகரின் ஆற்றோரங்களிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்கள் 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றப்பட்ட இடம் அது. ஊர்ப்பெயர் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ளோர் வருந்தியதுண்டு. வண்ணம் அவ்வருத்தத்தைத் தீர்த்துவிட்டது என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் அவ்வூர்ப் பெயர் முதன்முறையாக நல்ல செய்தியொன்றில் இடம்பெற்றது. வாழும் மக்களைச் சார்ந்து எழும்போதே பொதுக்கலை முழுமை பெறுகிறது என்பதை இவ்விரு இடங்களும் காட்டுகின்றன.

இவ்விடத்தில் நம் வீட்டுப் பெண்டிரை நினையாதிருத்தல் நன்றியன்று. தில்லியின் மார்கழிக் குளிரில், கைவிரல் விறைக்க, பனிமூட்டத்தினூடே பொது முற்றத்தில் குனிந்து கோலமிட்டவர்கள் அவர்கள். பொது இடத்தில், யாவரும் காண, கூலியின்றி, பெயர் பொறிக்காமல் எழுதப்படும் சித்திரம் அன்றோ கோலம்? அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெண்களும் வங்காளப் பெண்களும் நின்று பார்த்து, புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டதும் உண்டு. மதியத்துக்குள் அது கால்பட்டு அழியும். மறுநாள் மீண்டும் பிறக்கும். சுவர்ச்சித்திரமும் வெயிலிலும் மழையிலும் சில ஆண்டுகளில் வெளுத்துவிடுவதே. அழியக்கூடியது என்பதால் கலை சிறுமையடைவதில்லை என்பதை நாம் அயலாரிடம் கற்க வேண்டியதில்லை. ஆனால் கோலம் மறுநாள் பிறக்க வாயில் இருக்க வேண்டும். சித்திரம் மறுமுறை பிறக்கச் சுவர் இருக்க வேண்டும்.

அந்தச் சுவருக்கே இப்போது கேடு வந்துள்ளது. 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை, தில்லியின் ஏழு சர்க்கார் காலனிகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஒப்புதல் தந்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர், கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகம்மதுபூர் ஆகியவை அவை. 12,970 வீடுகள் இருந்த இடத்தில் ஏறத்தாழ 25,700 வீடுகள் கட்டுவது திட்டம். 2018-இல் ஆயிரக்கணக்கான மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி பரவியபோது மக்கள் திரண்டனர். உயர்நீதிமன்றம் தலையிட்டு மரம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. ஆயினும் பழைய வீடுகளின் கதை முடிவுக்கு வந்துவிட்டது. நவ்ரோஜி நகரில் இன்று எழுந்து நிற்பது வணிகக் கட்டடத் தொகுதி. ஒரு காலத்தில் வினய் நகர் என்று நம் பெரியோர் கடிதங்களில் விலாசம் எழுதிய பகுதிகள் இவற்றுள் அடங்கும். அப்பெயரை அறிந்த தபால்காரரும் இன்று இரார்.

புதிய வீடுகள் வேண்டா என்பது நம் கருத்தன்று. ஊழியருக்கு வீடு போதாமையும், பழைய வீடுகளின் ஒழுக்கும் விரிசலும் நாம் அனுபவித்து அறிந்தவை. நம் கவலை வேறு. லோதி காலனியின் சுவர்களைச் சித்திரத்தின் பொருட்டேனும் பலர் வந்து கண்டனர், படம் எடுத்தனர், அவற்றின் வளைவையும் முற்றத்தையும் பற்றி எழுதினர். நாளை அச்சுவர்கள் விழுந்தாலும் அவை எப்படி இருந்தன என்பதற்குச் சான்று உண்டு. சரோஜினி நகரின் சுவர்களை எவரும் அவ்வாறு நின்று பார்க்கவில்லை. அங்கே நவராத்திரிக் கொலு வைத்த கூடமும், வத்தல் காய்ந்த மாடியும், பரீட்சைக்குப் படித்த மாடிப்படி விளக்கும் ஒரு குறிப்பும் இன்றிப் போயின. கயிர்பூர் கிராமத்தாரின் நிலையை நாம் முன்னர்க் கண்டோம். அதே மறதி நம்மையும் தொட்டுவிட்டது.

ஆயின் தமிழருக்கு ஒரு பேறு உண்டு. சுவரில் எழுத இயலாததைத் தாளில் எழுதும் வழக்கம் நம்மிடம் இருந்துவந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி புரிந்த இந்திரா பார்த்தசாரதி ‘தந்திர பூமி’யில் தலைநகரின் அதிகார உலகைக் காட்டினார். தில்லியில் வளர்ந்து அங்கேயே பணியாற்றிய ஆதவன், ‘காகித மலர்கள்’ நாவலில் அந்நகரத்து மாந்தரின் மனத்தை எழுதினார். 1987-இல் அவர் மறைந்தபோதும் அவர் கண்ட தில்லி மறையவில்லை. வானொலிப் பணியின் பொருட்டுத் தில்லி வந்து வாழ்ந்தவர் தி. ஜானகிராமன். இவர்கள் எழுதியவை போக, எழுத்தாளர் அல்லாத நம்மவர் ஆயிரவரின் நினைவுகள் இன்னும் வாய்மொழியாகவே உள்ளன. முதியோர் ஒவ்வொருவராகப் பிரியும்போது, ஒவ்வொரு முற்றமாக இடிந்து விழுகின்றது என்றே கொள்ள வேண்டும்.

எனவே ஆண்டுவிழா மலரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு குடும்பத்தையும் நாம் ஒன்று வேண்டுகிறோம். ஒரு தாள் போதும். முதல் வரியில் குவார்ட்டர்ஸின் எண்ணும் பிளாக்கும் எழுதுங்கள். அடுத்த வரியில் குடிபுகுந்த ஆண்டும் காலி செய்த ஆண்டும். பின்னர் அண்டை அயலில் இருந்தோர் எந்த ஊரினர், எந்த மொழியினர், எந்த இலாகாவினர் என்பது. பால் எங்கு வாங்கினீர்கள், முதன்முதல் இட்லி அரிசி எங்குக் கிடைத்தது, குளிர்காலத்தில் மாவு புளிக்க என்ன செய்தீர்கள் என்பனவும் வரலாறே. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். படத்தில் நிற்பவரை மட்டுமன்றி, அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும் வாயிலையும் பாருங்கள். நீங்கள் வேண்டுமென்று எடுக்காத அச்சுவர்தான் இன்று கிடைத்தற்கரிய சான்று. அதன் பிரதி ஒன்றைச் சங்கத்தில் சேர்ப்பியுங்கள்.

இவ்வாறு நூறு தாள்கள் சேருமாயின், நம் காலனிகளின் வரைபடம் ஒன்றை நாமே வரைந்துவிடலாம். அதன்பின் எந்தக் காலனியிலேனும் ஓவியர்கள் வண்ணக் குவளையோடு வந்து, இச்சுவரில் எதை எழுதுவது என்று கேட்பாராயின், சொல்வதற்கு நம்மிடம் ஒன்று இருக்கும். மார்கழிக் கோலமிட்ட ஒரு பெண்ணின் குனிந்த உருவத்தை எழுதுங்கள் என்று சொல்லலாம். டிபன் கேரியருடன் சைக்கிளில் அலுவலகம் சென்ற குமாஸ்தாவை எழுதுங்கள் என்று சொல்லலாம். கேட்க ஒருவரும் வாரார் எனினும் பழுதில்லை. தாளில் இருப்பது இருக்கும்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றனர் நம் முன்னோர். சுவர்கள் சர்க்காருடையவை, அவற்றை நிறுத்தவும் வீழ்த்தவும் நமக்கு அதிகாரம் இல்லை. நினைவு நம்முடையது. அதற்கொரு சுவர் எழுப்புவது நம் கையில் இருக்கின்றது.